தனிப் பாடமா, எல்லாப் பாடத்திலுமா?

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழு கூடும்போது எங்கள் கல்லூரி ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். மாணவர்கள் தகவலைத் தேடவும், கிடைத்ததைச் சரிபார்க்கவும், கணினியை ஒழுங்காகக் கையாளவும் கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த வகுப்பில், யார் பொறுப்பில், எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் குரல் உயர்கிறது. நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மட்டும் இப்படியா என்றால் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இருக்கும் நண்பர்களும் இதே தலைவலியைத்தான் சொல்கிறார்கள். அதனால் எங்கள் முன் இருக்கும் வழிகளை அவற்றின் செலவோடும் ஓட்டைகளோடும் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவும் போவதில்லை.

கல்லூரி பெரியதல்ல. வணிகம், ஆசிரியர் பயிற்சி, சட்டம் சார்ந்த அலுவலகப் படிப்பு என்று சில துறைகள். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள். உம்லாசி, குவாமாஷு, இனாண்டாவிலிருந்து வரும் ஸூலு பிள்ளைகள் அவர்களைவிட அதிகம். நம் பிள்ளைகளில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மாலைத் தமிழ் வகுப்புக்குப் போனவர்கள்தான். மற்றவர்களுக்கு ஆயா பேசக் கேட்ட அளவோடு சரி. பாடம், தேர்வு எல்லாமே ஆங்கிலத்தில்.

இரண்டு திறன்கள், ஒரே மூட்டை

குழுவில் பாதி சண்டை வருவதற்குக் காரணம், இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பது. ஒன்று கைப்பழக்கம்: கோப்பை எங்கே சேமிப்பது, விரிதாளில் கூட்டல் போடுவது எப்படி, மின்னஞ்சலில் இணைப்பது எப்படி, கடவுச்சொல்லை எப்படிக் காப்பது, என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் உதவித்தொகையின் பெயரில் வரும் போலி இணைப்பில் அடையாள எண்ணைக் கொட்டாமல் இருப்பது. இந்த நாட்டு அடையாள எண்ணில் 13 இலக்கம்; முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அதை வகுப்பு வாட்ஸாப் குழுவில் பட்டியலாகப் போடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையில் முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகும் இது நிற்கவில்லை.

மற்றது தீர்ப்பு: எதைக் கேட்கிறோம், எங்கே தேட வேண்டும், சொன்னவர் யார், ஏன் நம்ப வேண்டும், எடுத்ததை எப்படிச் சொல்லிக் காட்ட வேண்டும். முதலாவதை ஆய்வகத்தில் சில வாரம் உட்காரவைத்தால் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது, பாடத்தின் உள்ளடக்கம் கையில் இல்லாமல் வராது. கணக்கியல் தெரியாதவனுக்கு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எந்த எண் சந்தேகத்துக்குரியது என்று எப்படித் தெரியும்?

முதலாண்டு ஆய்வக வகுப்பு ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஜன்னலோரத்தில் ஒரு பையன். மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) வரை எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே செய்தவன். நான்கு பக்கக் கட்டுரையைக் கட்டைவிரலால் தட்டி முடித்தவன். கணினியில் சேமித்துவிட்டான், ஆனால் கோப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரே பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைப்புக்குறி போட்டபடி டவுன்லோட்ஸ் ஃபோல்டர் நிறைந்து கிடக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண். பத்தாம் வகுப்பிலிருந்து கணினிப் பயன்பாட்டை விருப்பப் பாடமாக எடுத்தவள். கொடுத்த பயிற்சியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவன் திரையை வேடிக்கை பார்க்கிறாள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம்.

ஆனால் அடுத்த மாதம் அதே பெண் ஒப்படைத்த அசைன்மென்டில் அழகான அட்டவணை இருக்கும். எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ‘கூகுளில் இருந்தது சார்’ என்பாள். அந்த இடத்தில் இருவரும் ஒன்றுதான். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

தனிப் பாடம்

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த வழி இது. முதலாண்டில் எல்லாருக்கும் கட்டாயமாக ஒரு பாடம். யுனிசா போன்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்திலேயே கணினிப் பயன்பாட்டுக்கென்று தனிப் பாடம் உண்டு. தொழிற்கல்லூரிகளின் என்.சி.வி. என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் படிப்பில் வாழ்க்கைத்திறன் பாடத்துக்குள் கணினிப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். தனிப் பாடத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கால அட்டவணையில் இடம் இருக்கிறது, பொறுப்புக்கு ஓர் ஆள் இருக்கிறார், மதிப்பெண் இருக்கிறது. தரச்சான்று பார்க்க வருகிறவர்களிடம் விரல் வைத்துக் காட்டலாம்.

விலை என்ன? இந்த நாட்டில் 1 கிரெடிட் என்றால் மாணவர் செலவிடும் 10 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது 3,600 மணி. அதில் 12 கிரெடிட்டை இதற்கு ஒதுக்கினால் 120 மணி போகிறது. அந்த அளவுக்கு ஏதோ ஒரு துறைப்பாடம் வெளியே போக வேண்டும். எந்தத் துறைத்தலைவரும் தன் பாடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் 8 கிரெடிட் ஆகி, அந்த வகுப்பை ஒப்பந்த ஆசிரியர் ஒருவர் தலையில் கட்டுவார்கள்.

அதைவிடப் பெரிய குறை வேறு. முதலாண்டு மாணவரிடம் இன்னும் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாதவருக்குத் தரவுத்தளத்தில் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். தேர்வுக்கு மனப்பாடம் செய்வார், 70 வாங்குவார், மூன்றாமாண்டுத் திட்ட அறிக்கைக்கு உட்காரும்போது எல்லாம் மறந்திருக்கும். அப்புறம், ‘அதெல்லாம் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்தாச்சே’ என்று மற்ற ஆசிரியர்கள் கைகழுவவும் இது வழி செய்கிறது.

நூலகச் சுற்றுலா, இணையப் பாடம்

இவை இரண்டையும் சுருக்கமாகவே சொல்லலாம். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக்காட்டி முக்கால் மணி நேரம் பேசி அனுப்புவது இப்போது நடப்பது. செலவு இல்லை, பலனும் கிட்டத்தட்ட இல்லை. எங்கள் நூலகர் அக்காவே சொல்வார்: ‘அவங்களுக்கு ஞாபகம் இருக்கிறது வைஃபை பாஸ்வேர்ட் மட்டும்தான் தம்பி.’ அதே முக்கால் மணியை ஓர் அசைன்மென்ட் கொடுத்த அதே வாரத்தில், அதே தலைப்பை வைத்து நடத்தினால் கதையே வேறு. அதை ஒரு தனி வழியாகக் கருத வேண்டியதில்லை. எந்த வழியிலும் செருகிக்கொள்ளலாம்.

மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் ஏற்றிவைத்த பாடம், முடித்தால் சான்றிதழ் என்பது இன்னொன்று. ஆயிரம் பேருக்கும் ஒரே செலவு. ஆனால் விடைகள் இரண்டாம் நாளே வாட்ஸாப் குழுவில் வந்துவிடும். டேட்டா செலவையும் மறக்கக் கூடாது. வணிகப் போட்டி ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு 2020 ஏப்ரலில் வோடகாம் என்ற கைப்பேசி நிறுவனம் ஒரு மாத 1 ஜிபி விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. அதுவே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது என்றால், வீட்டில் வைஃபை இல்லாத பிள்ளைக்குக் காணொளிப் பாடம் என்ன சுமை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2022, 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கெடு தேதிகளைத் தள்ளிப்போட்டதே ஒரு வேலையாக இருந்தது. மேற்கோள் காட்டும் முறை, திருட்டு எழுத்து விதிகள் போன்ற ஒரே மாதிரி விடையுள்ள விஷயங்களுக்கு இந்த வழி போதும். தீர்ப்புத் திறனுக்கு இது உதவாது.

ஏன் உதவாது என்று கேட்கிறவர்களுக்கு நான் இரண்டு செய்திகளைக் காட்டுவது வழக்கம். 2021 ஜூனில் ஒரு பெண் ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தை பெற்றதாக பிரிட்டோரியாவின் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. உலகமெங்கும் பரவியது. அப்படி ஒரு பிரசவம் எந்த மருத்துவமனையிலும் பதிவாகவில்லை என்று கௌடெங் மாகாண அரசு சொன்னது. அடுத்தது, 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனுக்கு வடக்கே தொங்காட்டில் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள் என்று வந்த செய்தி. இரண்டையும் முன்னால் வைத்து எது உண்மை என்று கேட்டால், அச்சு நாளிதழில் வந்ததை நம்புகிறவர்களும் முதலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும்தான் அதிகம். முதலைகள் உண்மையாகவே தப்பின. பிறகு பிடித்தார்கள்.

இணையப் பாடங்களில் வழக்கமாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும்: தளம் பார்க்க ஒழுங்காக இருக்கிறதா, ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா. பத்துக் குழந்தைச் செய்தி அத்தனையிலும் தேறிவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள். முதல் வகையினரும் மாணவர்களும் ஒரே பக்கத்தை மேலும் கீழும் படித்து அதன் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தைவிட்டுச் சட்டென்று வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். முனைவர் பட்டம் காப்பாற்றவில்லை, பழக்கம் காப்பாற்றியது. பழக்கம் கேள்வித்தாளில் டிக் அடித்து வராது. வேறு வேறு விஷயங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இது வெறும் படிப்பு விவகாரம் அல்ல என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் வதந்திகளும் குரல்பதிவுகளும் தெருவுக்குத் தெரு பறந்தன. பீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அத்தனைக்கும் ஃபார்வர்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பில் பீனிக்ஸ் பிள்ளையும் இனாண்டா பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

எல்லாப் பாடத்திலும்

சரி, அப்படியானால் எல்லாப் பாடத்திலும் கலந்துவிடலாமே என்பது அடுத்த வழி. கேட்க நன்றாக இருக்கிறது. புதிதும் அல்ல. அமெரிக்காவில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மான்டீத் கல்லூரியில் பட்ரீசியா நாப் 1960-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்தார். நூலகப் பயிற்சியைப் பாடங்களுக்குள் படிப்படியாகப் பொருத்தினார். ஏர்ல்ஹாம் கல்லூரியில் எவன் ஃபார்பர் என்ற நூலகர் அதே பாதையில் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டினார். அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2000-இல் தகவல் தேடிப் பயன்படுத்தும் திறனுக்கு ஐந்து தர அளவுகளை வகுத்தது. பிறகு 2016-இல் ஆறு கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்று, பழையதைக் கைவிட்டது. அளவுகோல் வைத்து டிக் அடிப்பதைவிட, அந்தந்தத் துறையில் அறிவு எப்படி உருவாகிறது என்பதைப் புரியவைப்பதே முக்கியம் என்ற பக்கம் எண்ணம் சாய்ந்ததன் அடையாளம் அது.

துறைக்குள் வைத்துக் கற்றுக்கொடுக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வரலாற்றில் ஓர் அசைன்மென்ட்: உங்கள் குடும்பம் இங்கே வந்த கதையைக் கண்டுபிடியுங்கள். இந்தியப் பிள்ளைகள் அல்லாதவர்களுக்கு வேறு ஆவணங்கள், அதே கேள்விகள்.

ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து, ‘எங்கள் தாத்தாவின் தாத்தா ட்ரூரோ கப்பலில் வந்தவர்’ என்று எழுதிக் கொடுக்கிறான். ஆதாரம்? வீட்டில் சொன்னார்கள், இணையத்தில் ஒரு குடும்ப மரத் தளத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ட்ரூரோ 1860 நவம்பர் 16-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனுக்கு வந்த முதல் கப்பல், அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஆனால் இந்த ஊரில் விசாரித்தால் பாதிப்பேர் ட்ரூரோ வாரிசுகளாக இருப்பார்கள். பெயர் தெரிந்த கப்பல் அது ஒன்றுதான் என்பதால் எல்லாரையும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள்.

அங்கிருந்து வேலை தொடங்குகிறது. கப்பல் பட்டியல்கள் இப்போது கணினியில் தேடக் கிடைக்கின்றன. குவாஸூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையமும் இருக்கிறது. பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் என்று வரிசையாக இருக்கும். பையன் குடும்பப் பெயரைத் தட்டுகிறான், ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி ஒரு பக்கத்தில் மூன்சாமி, இன்னொன்றில் முன்சாமி. அப்போது நூலகர் அக்கா பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடிக்கச் சொல்கிறார். தேடல் பெட்டியில் பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டு மிச்சத்துக்கு நட்சத்திரக்குறி வைப்பது எப்படி என்று காட்டுகிறார். வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று ஜில்லாவால் வடிகட்டுகிறான். ஒப்பந்த எண் வீட்டில் ஏதாவது பழைய காகிதத்தில் இருக்கிறதா என்று ஆயாவிடம் கேட்டு வருகிறான். கடைசியில் ஒத்துவருகிற ஆள் கிடைக்கிறார். ஆனால் கப்பல் வேறு, ஆண்டும் இருபது தள்ளி.

கிடைக்காமல் போனவர்களின் கதை இதைவிடச் சுவை. பட்டியலில் இல்லை என்றால் வரவே இல்லை என்று அர்த்தமா? சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களும் உண்டு. அவர்களை இங்கே பாசஞ்சர் இந்தியர்கள் என்பார்கள், கூலிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. ஓர் ஆவணம் எதற்காகத் தயாரிக்கப்பட்டதோ அதைத்தான் அது சொல்லும் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு விளங்கிவிடும். இதை எந்தக் கணினி வகுப்பிலும் கொண்டுவர முடியாது.

சட்டம் சார்ந்த படிப்புக்கு இன்னும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வக்கீல் தரப்பு காட்டிய ஒன்பது முன்தீர்ப்புகளில் இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டிய வழக்குகள் போலத் தெரிகிறது என்று பார்த்த நீதிபதி, வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் அமைப்புக்கு விவகாரத்தை அனுப்பினார். இந்தத் தீர்ப்பைக் கையில் கொடுத்து, ‘இந்த ஒன்பதையும் நீங்களே தேடுங்கள்’ என்று சொன்னால் போதும். சாட்ஜிபிடியைத் தொடாதே என்ற உபதேசம் தேவைப்படாது.

ஆக, துறைக்குள் வைப்பதுதான் சரி என்று தோன்றும். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் ‘எல்லாப் பாடத்திலும்’ என்ற சொல்லில்தான். எல்லாரும் பொறுப்பு என்று எழுதிய தீர்மானம் எங்கள் கல்லூரியில் ஏற்கெனவே கோப்பில் கிடக்கிறது. நடந்தது என்ன? நான்கு ஆசிரியர்கள் நான்கு பாடத்தில் அதே ஒரு மணி நேர கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) வகுப்பை எடுத்தார்கள். மீதிப்பேர், வேறு யாரோ எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆசிரியர்களிலேயே பலருக்கு இது பழக்கமில்லை. மாலைத் தமிழ் வகுப்புக் குழுவில் ‘ஜன கண மன உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்தது’ என்ற பழைய பொய்யை எனக்கு அனுப்பியவர்களில் பேராசிரியரும் உண்டு. நூலகத்தில் இருப்பது இரண்டு பேர். நாற்பது பாடத்துக்குத் தலா இரண்டு வகுப்பு என்று வைத்தாலும் எண்பது வகுப்பு. அப்புறம் நூலகத்தை யார் திறப்பது?

எங்கே மதிப்பெண் இருக்கிறதோ

எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு யார், எந்த அசைன்மென்டில், எத்தனை மதிப்பெண் போடுகிறார்? விடை தெளிவாக இருந்தால் அந்த வழி நடக்கும், இல்லையென்றால் தீர்மானத்தோடு நிற்கும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மதிப்பெண் இல்லாத இடத்தில் நேரம் செலவழிக்க மாட்டார்கள், மினிபஸ் டாக்ஸி பிடித்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதனால் நான் குழுவில் ஆதரிக்கப்போவது நடுவழி: மூட்டையைப் பிரித்து, மூன்றே இடத்தில் ஆணி அடிப்பது.

முதலிடம், முதலாண்டு முதல் பருவம். கைப்பழக்கம் மட்டும். சேர்ந்த வாரத்திலேயே ஒரு செய்முறைச் சோதனை: இந்தக் கோப்பைத் திற, இந்தப் பெயரில் இந்த ஃபோல்டரில் சேமி, இந்தப் பத்தியில் கூட்டல் போடு, இந்த மின்னஞ்சல் உண்மையா போலியா சொல். தேறியவர்கள் வர வேண்டாம். ஜன்னலோரப் பையனைப் போன்றவர்களுக்கு மட்டும் ஆய்வகத்தில் இருபது மணி நேரம், சிறு குழுவாக. அந்தப் பெண்ணைப் போன்ற இரண்டாமாண்டு மாணவர்களையே உதவியாளர்களாக வைக்கலாம், கொஞ்சம் சம்பளத்தோடு. கிரெடிட் கிடையாது, ஆனால் தேறாமல் இரண்டாமாண்டுக்குப் போக முடியாது.

இரண்டாமிடம் ஒவ்வொரு துறையிலும் இரண்டாமாண்டில் ஒரே ஒரு பாடம். எது என்பதைத் துறையே சொல்லட்டும். ஆசிரியர் பயிற்சியில் வரலாறு, சட்டப் பிரிவில் வழக்காய்வு, வணிகத்தில் சந்தை ஆய்வு. அதில் ஒரு பெரிய அசைன்மென்ட், அதன் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு தேடல் குறிப்புக்கு. தேடல் குறிப்பு என்றால் ஒரே ஒரு தாள்: என்ன தட்டினேன், என்ன வந்தது, எதைத் தள்ளினேன், ஏன். செயற்கை நுண்ணறிவைக் கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும், அது சொன்னதை எங்கே சரிபார்த்தேன் என்பதோடு. அந்தத் தாளைத் திருத்துவது நூலகர். துறையாசிரியர் அல்ல.

மூன்றாமிடம் இறுதியாண்டுத் திட்ட அறிக்கை. அங்கே புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை, அதே தேடல் குறிப்பை இன்னும் கடுமையாகக் கேட்பதுதான்.

புதிய கிரெடிட் எதுவும் தேவையில்லை, எந்தத் துறைப்பாடமும் வெளியே போகாது. நூலகர்களுக்கு நாற்பது பாடத்துக்குப் பதிலாகத் துறைக்கு இரண்டு. குறையும் உண்டு. அந்த இரண்டாமாண்டு ஆசிரியர் மாறிப்போனால் எல்லாம் ஆட்டம் காணும். முதலாண்டில் தேடல் திறன் அறவே இல்லை என்று மொழித்துறைக்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைக்கு நூலகரை ஒரு மணி நேரம் அழைத்துக்கொள்ளட்டும், அந்த ஒன்றுக்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

எல்லாக் கல்லூரிக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நூலகரே இல்லாத சிறிய கல்லூரியில் தனிப் பாடம்தான் பாதுகாப்பு. யாரோ ஒருவர் தலையிலாவது பொறுப்பு இருக்கும். அப்போதும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் வரும் அமெரிக்க உதாரணங்களைத் தூக்கி எறிந்துவிட்டு முதலைகளையும் பத்துக் குழந்தைகளையும் வைத்து நடத்துங்கள். தொலைநிலைப் படிப்பில் இணையப் பாடத்தைத் தவிர வேறு வழி குறைவு. அங்கே காணொளியைக் குறைத்து, கைப்பேசியில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டு டேட்டா இல்லாமல் படிக்கிற மாதிரி எழுத்துப் பாடமாக வைத்தால் நல்லது. மாணவர்கள் எல்லாருமே மடிக்கணினியோடு வருகிற கல்லூரி என்றால் எங்கள் முதலாவது ஆணி தேவையே இல்லை, அந்தக் காசை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

எங்கள் குழுவில் இப்போது தொங்கிக்கொண்டிருப்பது இரண்டு விஷயம். இரண்டாமாண்டு வரலாற்றுப் பாடத்தில் ஆய்வு வகைகளின் வரையறைகளை ஒப்பிக்கவைக்கும் மூன்று வாரத்தை எடுத்தால்தான் கப்பல் பட்டியலுக்கு இடம் கிடைக்கும். அதற்குத் துறைத்தலைவர் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். நூலகர் மதிப்பெண் போடலாமா என்பதுதான் முள். போட்டால் அது கற்பிக்கும் பணி, சம்பளப் படியை மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் பிரிவு பயப்படுகிறது. மாற்றத்தான் வேண்டும். நூலகர் அக்காவின் கையெழுத்து மதிப்பெண் பட்டியலில் இருக்கும் என்று முதல்வர் எழுத்தில் கொடுத்தால் நடுவழிக்குக் கை தூக்குவேன். கொடுக்கவில்லை என்றால் தனிப் பாடத்துக்கே வாக்களித்துவிட்டு, 12 கிரெடிட்டையும் முதலாண்டில் வைக்காமல் இரண்டாமாண்டுக்குத் தள்ளும்படி கேட்பேன்.